டிரெய்லர் இழுக்கும் எஸ்யூவிக்கு டயரில் எவ்வளவு காற்று வேண்டும்: முழுமையான வழிகாட்டி

கோடை வந்தால் வட அமெரிக்க நெடுஞ்சாலைகளில் எஸ்யூவிக்குப் பின்னால் ஒரு டிரெய்லர் போவது சாதாரணக் காட்சி. டொரொண்டோ பக்கத்திலிருந்து அல்கோன்குயின் பூங்காவுக்கும், டல்லாஸ் பக்கத்திலிருந்து கொலராடோ மலைகளுக்கும் நம்மவர்களும் கேம்பிங் டிரெய்லரோடு குடும்பமாகக் கிளம்புகிறார்கள். வண்டி வாங்கும்போது எத்தனை பவுண்டு இழுக்கும் என்று விசாரிக்கிறோம், டிரெய்லரை மாட்டுவதற்கான ஹிட்ச் பொருத்துகிறோம், டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் போடுகிறோம். டயரில் எவ்வளவு காற்று என்ற கேள்வி மட்டும் கிளம்புகிற அன்று காலையில்தான் வருகிறது, அப்போது பக்கத்தில் நிற்பவர் "டயரிலேயே எழுதியிருக்கிறதே, அதை வைத்துவிடு" என்பார். எஸ்யூவியைப் பொறுத்தவரை அது தப்பான பதில். டிரெய்லரைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியான பதில். ஏன் இந்த வித்தியாசம் என்று விளங்கிவிட்டால் மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

கீழே வரும் அளவுகளை அமெரிக்க, கனடிய வண்டிகளில் ஒட்டியிருக்கிற மாதிரியே பவுண்டிலும் பிஎஸ்ஐயிலும் எழுதுகிறேன். பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பவுண்டு அழுத்தம் என்ற அளவு; ஒரு பிஎஸ்ஐ ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல், ஒரு கிலோ 2.2 பவுண்டு.

காற்று குறைந்தால் என்ன ஆகும்

வண்டியின் எடையில் பெரும்பங்கைத் தாங்குவது டயருக்குள் அடைத்திருக்கும் காற்று. அது குறைந்தால் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும், அந்த மடங்கல் சூடாக மாறும். நடுத்தர எஸ்யூவி டயர் மணிக்கு 65 மைல் வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 750 தடவை சுற்றுகிறது. மூன்று மணி நேரம் ஓட்டினால் எத்தனை மடங்கல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்ளே இருக்கும் எஃகு பெல்ட்டுக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து, கடைசியில் ட்ரெட், அதாவது ரோட்டைத் தொடும் மேல் ரப்பர், அப்படியே உரிந்து போகும்.

இது நடந்த கதைதான். 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது, அவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்யூவிகளில் இருந்தவை. ஓடிக்கொண்டிருக்கும்போது ட்ரெட் பிரிந்து வண்டி கவிழ்ந்த விபத்துகளில் அமெரிக்காவில் மட்டும் 270க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், டெக்ஸாஸ், புளோரிடா, அரிசோனா மாதிரியான வெப்பமான மாநிலங்களில் அதிகம். டயரின் வடிவமைப்பு, தயாரித்த ஆலை, வண்டியின் நிலைத்தன்மை என்று பல விஷயங்கள் அப்போது விவாதிக்கப்பட்டன, அதில் ஒன்று காற்றழுத்தம்: ஃபோர்டு அந்த வண்டிக்குப் பரிந்துரைத்தது 26 பிஎஸ்ஐ, ஃபயர்ஸ்டோன் 30 வைக்கச் சொன்னது. வெறும் 4 பிஎஸ்ஐ வித்தியாசம். சுமை, வெயில், வேகம் மூன்றும் சேரும் இடத்தில் அந்த நான்கு சின்ன விஷயமில்லை, டிரெய்லர் இழுக்கும்போது இந்த மூன்றும் சேரத்தான் செய்கின்றன. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் வந்த சட்டம்தான் பிறகு எல்லாப் புது வண்டியிலும் டயர் அழுத்தம் குறைந்தால் எரிகிற எச்சரிக்கை விளக்கைக் கொண்டுவந்தது. அந்த விளக்கை டிரெய்லர் இழுக்கும்போது எவ்வளவு நம்பலாம் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் படி: கதவு ஸ்டிக்கர்

டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவின் ஓரத்திலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவு, முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அந்த எண்தான் உங்கள் அடிப்படை. அது கோல்ட் பிரஷர், அதாவது ஓட்டாமல் ஆறியிருக்கும் டயருக்கான அளவு.

அந்த எண்ணை யாரோ சொகுசுக்காக மட்டும் போட்டது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க விதிப்படி அந்த அழுத்தத்தில் டயர் வண்டியின் முழுச் சுமையைத் தாங்க வேண்டும். ஆகவே மேனுவலில் டிரெய்லருக்கென்று தனியாக எதுவும் சொல்லவில்லை என்றால், சுமை வரம்புக்குள் இருக்கும்வரை அந்த எண்ணோடு கிளம்புவதில் தவறில்லை.

அதே ஸ்டிக்கரில் இன்னொரு வரி இருக்கும்: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று. பலரும் இதைப் படிப்பதில்லை. ஹிட்ச் மீது டிரெய்லர் அழுத்துகிற எடை, அதாவது டங் வெயிட், இந்த வரம்புக்குள்தான் வர வேண்டும். ஸ்டிக்கரில் 1,200 என்று இருந்து, ஐந்து பேர் சேர்ந்து 700 பவுண்டு, கூலர், அரிசி, காஸ் அடுப்பு, படுக்கை எல்லாம் 150, டங் வெயிட் 450 என்று வைத்தால் 1,300 ஆகிவிட்டது. காற்றை எவ்வளவு ஏற்றினாலும் இந்த நூறு பவுண்டு சரியாகாது. சாமானைக் குறைக்க வேண்டும், அல்லது இன்னொரு வண்டியில் அனுப்ப வேண்டும். டயர், அச்சு, ஸ்பிரிங், பிரேக் எல்லாவற்றுக்கும் தனித்தனி வரம்பு இருக்கிறது, காற்றடிக்கும் கம்ப்ரஸரால் அதில் எதையும் மாற்ற முடியாது.

இரண்டாம் படி: மேனுவலில் டிரெய்லர் அத்தியாயம்

உங்கள் மாடல், உங்கள் ஆண்டு, உங்கள் நாட்டுப் பதிப்பு மேனுவலை எடுத்து டோயிங் பகுதியை முழுசாகப் படியுங்கள். சில கம்பெனிகள் டிரெய்லர் இழுக்கும்போது எவ்வளவு கூட்ட வேண்டும் என்று நேராகவே சொல்லிவிடுகின்றன. டொயோட்டா சில நாடுகளுக்கு அச்சிடும் மேனுவல்களில் வழக்கமான அளவோடு 20 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 3 பிஎஸ்ஐ கூட்டச் சொல்கிறது. ஐரோப்பிய விதிகளிலும் இதே எண் வருகிறது: டிரெய்லர் இழுக்கும்போது பின் டயரின் சுமை 15 சதவீதம் வரை கூடலாம், ஆனால் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது, பின் டயரில் குறைந்தது 0.2 பார் கூடுதலாக இருக்க வேண்டும். அதுவும் ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ.

மேனுவல் ஒரு எண்ணைச் சொன்னால் அதுதான் முடிவு. நான் சொல்வது உட்பட வேறு யார் சொல்வதும் அதற்குப் பிறகுதான்.

மூன்றாம் படி: எடை போடுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் என்னைக் கேட்டால் மொத்த வழிகாட்டியிலும் இதற்குத்தான் அதிக மதிப்பு. டிரெய்லர் விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை காலி எடை. தண்ணீர், காஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், நாற்காலி ஏறியதும் அது வேறு டிரெய்லர்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரிய ட்ரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடைமேடை இருக்கும். லாரிகளுக்கானது, ஆனால் சொந்த வண்டியையும் கொஞ்சம் கட்டணத்துக்கு எடை போட்டுத் தருவார்கள். மேடை தனித்தனிப் பகுதிகளாக இருப்பதால் எஸ்யூவியின் முன் சக்கரங்கள் ஒன்றிலும், பின் சக்கரங்கள் அடுத்ததிலும், டிரெய்லர் சக்கரங்கள் கடைசியிலும் நிற்கிற மாதிரி நிறுத்த வேண்டும். பயணத்துக்குப் போகிற அதே சாமான், அதே ஆட்கள், முழு டேங்க் பெட்ரோலோடு போங்கள். முதலில் டிரெய்லரோடு ஒரு தடவை, பிறகு டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு எஸ்யூவியை மட்டும் இன்னொரு தடவை. வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச், அதாவது பின் அச்சில் ஏறும் எடையில் ஒரு பங்கை முன்னுக்கு மாற்றும் ஹிட்ச், வைத்திருப்பவர்கள் அதன் கம்பிகளை மாட்டி ஒரு தடவை, மாட்டாமல் ஒரு தடவை என்று மூன்றாக எடுத்தால் இன்னும் தெளிவாக இருக்கும்.

இப்போது ஒரு உதாரணக் கணக்கு. மூன்று வரிசை இருக்கை உள்ள நடுத்தர எஸ்யூவி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 112 அங்குலம், பின் அச்சிலிருந்து, டிரெய்லரின் முன்நுனி உட்காரும் ஹிட்ச் பந்து வரை 46 அங்குலம். டிரெய்லர் இல்லாமல் ஆட்களோடு முன்னால் 2,600 பவுண்டு, பின்னால் 2,400. டிரெய்லர் மொத்தம் 3,900, அதில் டங் வெயிட் 470, அதாவது 12 சதவீதம். பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பது பொது விதி, ஆக இது சரியான இடத்தில் இருக்கிறது.

இந்த 470 அப்படியே பின் அச்சில் உட்காரும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் ஹிட்ச் பந்து பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. சீசா பலகையின் ஒரு நுனியில் ஒருவர் உட்கார்ந்தால் மறுநுனி மேலே எழுகிற மாதிரி, பின்னால் அழுத்தும்போது முன் அச்சின் எடையும் கொஞ்சம் பின்னுக்கு மாறுகிறது. 470ஐ 46ஆல் பெருக்கி 112ஆல் வகுத்தால் 193. முன் அச்சு 193 பவுண்டு இழக்கிறது, பின் அச்சுக்கு 470ம் 193ம் சேர்ந்து 663 கூடுகிறது. முடிவில் முன்னால் 2,407, பின்னால் 3,063.

கதை முழுக்கப் பின் டயர்களில்தான் நடக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான். வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் இதில் ஒரு பங்கை முன்னுக்குத் திருப்பித் தரும். எல்லா எஸ்யூவிக்கும் அது ஒத்துவராது, சில கம்பெனிகள் வேண்டாம் என்றே எழுதியிருக்கும், அதையும் மேனுவலில் பாருங்கள்.

கிடைத்த எண்களைக் கதவில் இருக்கும் அச்சு வரம்போடு ஒப்பிடுங்கள். முன், பின் தனித்தனியாகவும், வண்டியின் மொத்த வரம்பும். தாண்டியிருந்தால் இங்கேயே நிறுத்திச் சுமையைக் குறைக்கிற வேலையைப் பாருங்கள், அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

நான்காம் படி: உங்கள் டயர் எவ்வளவு தாங்கும்

டயரின் பக்கத்தில் 235/65ஆர்18 106 என்கிற மாதிரி எழுதியிருக்கும். கடைசியில் வரும் 106தான் லோடு இன்டெக்ஸ், ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீட்டு எண். 100 என்றால் 800 கிலோ, 104 என்றால் 900, 106 என்றால் 950, 108 என்றால் 1,000, 113 என்றால் 1,150. நம் உதாரண டயர் 950 கிலோ, அதாவது 2,094 பவுண்டு தாங்கும்.

ஆனால் அதை அப்படியே எடுக்கக்கூடாது. கார் டயரை எஸ்யூவியில் போடும்போது அதன் தாங்கும் அளவை 1.1ஆல் வகுக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி, எஸ்யூவி உயரமானது, சுமை அதிகம் ஏறும், அதற்கான ஒதுக்கு அது. வகுத்தால் 1,903. நம் பின் அச்சில் 3,063 இருக்கிறது, ஒரு டயருக்குச் சுமார் 1,530. ஆக டயரின் திறனில் 80 சதவீதம் பயன்படுகிறது. நல்ல நிலைமை.

இங்கே முக்கியமான ஒரு விஷயம். சாதாரண கார் வகை டயர் அதன் முழுச் சுமையை 35 அல்லது 36 பிஎஸ்ஐயிலேயே தாங்கிவிடும். பக்கச்சுவரில் உச்ச அழுத்தம் 44 என்றோ 51 என்றோ எழுதியிருந்தாலும், 36க்கு மேல் ஏற்றுவதால் டயரின் அதிகாரபூர்வ சுமைத்திறன் ஒரு பவுண்டுகூடக் கூடாது. 51 என்பது அந்த டயரில் ஆறிய நிலையில் அடிக்கக்கூடிய மேல் எல்லை, அடிக்க வேண்டிய அளவு அல்ல. 51 அடித்துக்கொண்டு போனால் ரோட்டைத் தொடும் பரப்பு சுருங்கும், மழையில் பிரேக் பிடித்தால் நிற்கிற தூரம் கூடும், ட்ரெட்டின் நடுப்பகுதி முதலில் தேயும், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி துள்ளும். பின்னால் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு போகும்போது பிடிப்பை இழக்க யாருக்கு மனசு வரும்?

எக்ஸ்எல் என்று எழுதிய டயர், அதாவது கூடுதல் சுமைக்கான டயர், 41, 42 பிஎஸ்ஐயில் முழுத்திறனுக்கு வரும். அதே அளவில் சாதாரண டயரைக் கழற்றிவிட்டு எக்ஸ்எல் போட்டால் பழைய அழுத்தத்திலேயே அதிகம் தாங்கிவிடும் என்று நினைக்கக்கூடாது, கூடுதல் திறன் கூடுதல் காற்றில்தான் கிடைக்கும். எல்டி, அதாவது சிறு டிரக் வகை டயர் விஷயத்தில் இது இன்னும் தீவிரம். 265/70ஆர்17 அளவை எடுத்துக்கொள்ளுங்கள்: சாதாரண வகை 35 பிஎஸ்ஐயில் 2,535 பவுண்டு, எஸ்யூவிக்கு வகுத்தால் 2,304. எல்டி வகை லோடு ரேஞ்ச் இ (சுமைத்திறனைக் குறிக்கும் எழுத்து; சி, டி, இ என்று ஏறும்) என்றால் 3,195 பவுண்டு, ஆனால் அது 80 பிஎஸ்ஐயில். அதே எல்டி டயரில் 35 வைத்தால் சாதாரண டயரைவிடக் குறைவாகத்தான் தாங்கும். முரட்டுத்தனமாகத் தெரிகிறது என்று எல்டி டயர் மாட்டிக்கொண்டு கதவு ஸ்டிக்கரில் இருக்கிற எண்ணையே வைத்து டிரெய்லர் இழுப்பவர்கள் அறியாமலே குறைந்த காற்றில் ஓட்டுகிறார்கள். டயர் வகையை மாற்றியிருந்தால் கடைக்காரரிடமோ டயர் கம்பெனியிடமோ அந்த அளவுக்கான லோடு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள், கொடுப்பார்கள்.

ஐந்தாம் படி: எஸ்யூவிக்கான எண்ணை முடிவு செய்வது

மேனுவலில் எண் இருந்தால் அது. இல்லையென்றால், வண்டியோடு வந்த அதே வகை, அதே அளவு டயராக இருந்தால், நான் சொல்லும் வழி இது. முன் டயர்களைக் கதவு ஸ்டிக்கர் அளவிலேயே விடுங்கள், அங்கே எடை குறைந்துதான் இருக்கிறது. பின் டயர்களில் 3 பிஎஸ்ஐ கூட்டுங்கள், அச்சு வரம்பை நெருங்கும் சுமை, கடும் வெயில், நீண்ட தூரம் என்றால் 4 வரை போகலாம். ஸ்டிக்கர் 35 என்றால் பின்னால் 38 அல்லது 39. எக்காரணம் கொண்டும் பக்கச்சுவரில் இருக்கும் உச்ச எண்ணைத் தாண்டக்கூடாது.

நம் உதாரணத்தில் டயருக்கு 35லேயே தாங்கும் திறன் இருக்கிறதே, எதற்கு மூன்று கூட்ட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு லாபம்: டயர் குறைவாக மடங்குவதால் குறைவாகச் சூடாகும், அப்புறம் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும்போது வண்டியின் பின்பகுதி குழையாது. பெரிய லாரி உங்களைத் தாண்டிப் போகும்போது அடிக்கிற காற்றில் இதை ஸ்டியரிங்கிலேயே உணரலாம். ஆனால் டிரெய்லர் நன்றாகவே ஆடினால் காரணத்தைக் காற்றில் மட்டும் தேடாதீர்கள். பெரும்பாலும் டங் வெயிட் பத்து சதவீதத்துக்குக் கீழே போயிருக்கும், கனமான சாமானை டிரெய்லரின் அச்சுக்கு முன்னால் நகர்த்துங்கள்.

முன் டயரிலும் ஒரே மாதிரி ஏற்றிவிடலாமே என்பதை நான் ஏற்பதில்லை. எடை குறைந்த முன் சக்கரத்தில் காற்றையும் ஏற்றினால் ஸ்டியரிங் இன்னும் லேசாகிவிடும்.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சைச் சரிசெய்வதற்கு முன்பே காற்றை வைத்துவிடுங்கள். சக்கரத்துக்கு மேல் உள்ள வளைவின் உயரத்தை அளந்துதான் அந்த ஹிட்ச்சை அமைப்பார்கள், டயர் தளர்ந்திருந்தால் அளவே மாறிப்போகும்.

ஆறாம் படி: டிரெய்லர் டயர்

இங்கே விதி மாறுகிறது. டிரெய்லரின் இடது பக்க முன்பகுதியில் ஒரு லேபிள் இருக்கும், டயர் அளவும் கோல்ட் பிரஷரும் அதில் இருக்கும். பெரும்பாலான டிரெய்லர்களில் அந்த எண்ணும் டயரின் பக்கச்சுவரில் உள்ள உச்ச எண்ணும் ஒன்றாகவே இருக்கும். எஸ்டி என்று தொடங்கும் டிரெய்லர் டயர்கள் லோடு ரேஞ்ச் சி என்றால் 50, டி என்றால் 65, இ என்றால் 80 பிஎஸ்ஐ. அந்த முழு அழுத்தத்தில்தான் அவை முழுச் சுமையையும் தாங்கும்.

எஸ்யூவியில் கூடாது என்ற உச்ச எண் இங்கே ஏன் சரி? எஸ்யூவி டயரில் வழக்கமாக நிறைய ஒதுக்குத் திறன் இருக்கும், டிரெய்லரில் அது சொற்பம். நம் உதாரணத்துக்கு வருவோம். 3,900 பவுண்டில் 470 எஸ்யூவி மீது போய்விட்டது, மீதி 3,430 ஒற்றை அச்சில், ஒரு டயருக்கு 1,715. எஸ்டி 205/75ஆர்14 லோடு ரேஞ்ச் சி டயர் 50 பிஎஸ்ஐயில் தாங்குவது 1,760. மிச்சம் வெறும் 45 பவுண்டு! அதில் 40 பிஎஸ்ஐ வைத்துவிட்டு ஓட்டினால் டயர் ஒவ்வொரு மைலும் தாங்க முடியாத சுமையோடுதான் ஓடுகிறது. வழியில் வெடிப்பது எஸ்யூவி டயரைவிட டிரெய்லர் டயராக இருப்பதற்குக் காரணம் இந்த மெல்லிய இடைவெளிதான்.

அதே அளவில் லோடு ரேஞ்ச் டி போட்டால் 65 பிஎஸ்ஐயில் 2,040 பவுண்டு கிடைக்கும், நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் சக்கரத்தின் ரிம் அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்க வேண்டும், வால்வையும் பார்க்க வேண்டும்: காரில் இருக்கிற சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான், 80 வைக்கிற டயருக்கு உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ வேண்டும்.

வேகமும் இதில் சேர்த்திதான். தனியாக வேகக் குறியீடு எதுவும் போடாத எஸ்டி டயர் மணிக்கு 65 மைலுக்கானது. சாலையில் 75 என்று போர்டு இருக்கலாம், டயருக்கு அது தெரியாது. கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுத்தால் சட்டப்படியே 55தான்.

ஏழாம் படி: காற்றை வைப்பது

காலையில், வெயில் டயரில் படுவதற்கு முன், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு. பெட்ரோல் பங்கில் வைப்பதாக இருந்தால் ஒரு மைலுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் ஓட்டினால் டயர் சூடாகி அளவு கூடிக் காட்டும். அதனால் வீட்டிலேயே ஒரு கம்ப்ரஸரும் காற்றழுத்தம் காட்டும் நல்ல கேஜும் வைத்துக்கொள்வது நல்லது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் மாட்டுகிற சின்ன கம்ப்ரஸர்கள் 35க்குப் பரவாயில்லை, டிரெய்லர் டயரை 65க்கும் 80க்கும் கொண்டுபோகத் திணறும், வாங்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். எப்போதும் ஒரே கேஜைப் பயன்படுத்துங்கள். நைட்ரஜன் வேண்டுமா என்றால், காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதற்கென்று காசு செலவழிக்கத் தேவையில்லை.

வெப்பநிலை பத்து டிகிரி ஃபாரன்ஹீட் மாறினால், அதாவது ஐந்தரை டிகிரி செல்சியஸ் அளவுக்கு மாறினால், 35 வைத்த டயரில் சுமார் ஒரு பிஎஸ்ஐ மாறும், 65 வைத்த டிரெய்லர் டயரில் ஒன்றரை. 25 டிகிரி செல்சியஸில் வைத்துவிட்டு ஏரிக்கரையில் 5 டிகிரி விடியலில் கண்விழித்தால் எஸ்யூவி டயரில் மூன்று பிஎஸ்ஐக்கு மேல் குறைந்திருக்கும். நீங்கள் கூட்டி வைத்தது முழுக்கப் போய்விட்டது. ஆகவே திரும்பிக் கிளம்புகிற நாளிலும் காலையில் பார்க்க வேண்டும், வீட்டில் பார்த்தோமே என்று விடக்கூடாது. மலை ஏறினால் எதிர்ப்பக்கமாக ஒரு மாற்றம்: வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் டென்வர் உயரத்தில், அதாவது 5,280 அடியில், கேஜ் கடல்மட்டத்தைவிடச் சுமார் இரண்டரை பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். அங்கே குளிரும் சேர்வதால் இரண்டும் ஓரளவு ஈடாகிவிடும். எப்படியானாலும் தங்கிய இடத்தில் காலையில் அளந்ததுதான் கணக்கு.

எட்டாம் படி: வழியில்

ஓட ஓட எஸ்யூவி டயரில் நான்கிலிருந்து ஆறு பிஎஸ்ஐ ஏறுவது இயல்பு. பெட்ரோல் போட நிறுத்தும்போது கேஜ் 43 காட்டுகிறது என்று பயந்து காற்றைத் திறந்துவிடாதீர்கள், டயர் ஆறியதும் தேவையைவிடக் குறைவாகிவிடும். சூட்டில் இருக்கும்போது கட்டாயம் காற்று அடிக்க வேண்டி வந்தால் வேண்டிய அளவுக்கு மேல் 4 வைத்துவிட்டு மறுநாள் காலையில் சரிசெய்யுங்கள்.

ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுப்பவர்கள் வைத்திருக்கும் ஒரு கைக்கணக்கு இங்கேயும் உதவும்: ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்து, கார் வகை டயரில் 4 பிஎஸ்ஐக்கு வெகுவாக மேலே ஏறியிருந்தால் கிளம்பும்போது காற்று குறைவாக இருந்தது என்று பொருள், எல்டி டயருக்கு அந்த எண் 6. துல்லியமான அளவுகோல் இல்லை, ஆனால் நான்கில் ஒரு டயர் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாக ஏறியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும். வேறு கருவி எதுவும் இல்லையென்றால் நிறுத்தும் இடத்திலெல்லாம் புறங்கையை ஒவ்வொரு டயருக்கும் அருகில் கொண்டுபோய் சூட்டைப் பாருங்கள்.

இப்போது அந்த எச்சரிக்கை விளக்கு. கதவு ஸ்டிக்கர் அளவிலிருந்து 25 சதவீதம் குறைவதற்குள் எரிய வேண்டும் என்பதுதான் விதி. ஸ்டிக்கர் 35 என்றால் 26க்குப் பக்கத்தில் வரும்வரை எரியாமல் இருக்கலாம். நீங்கள் டிரெய்லருக்காக 38 வைத்திருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. பன்னிரண்டு பிஎஸ்ஐ போன பிறகுதான் சொல்லும், முழுச் சுமையில் அது ரொம்பத் தாமதம். வண்டியின் திரையில் ஒவ்வொரு டயரின் எண்ணும் தெரிகிற வசதி இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

டிரெய்லரிலோ பெரும்பாலும் அதுவும் இல்லை. வால்வு மூடி மாதிரி திருகி மாட்டுகிற சென்சார் தொகுதிகள் தனியாகக் கிடைக்கின்றன, அழுத்தம், வெப்பம் இரண்டையும் டிரைவர் பக்கத்தில் ஒரு சின்னத் திரையில் காட்டும். இரண்டு அச்சு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கண்டிப்பாக வாங்க வேண்டியது. அதில் ஒரு டயர் காற்றிழந்தால் ஓட்டுகிறவருக்கு எதுவும் தெரியாது, அதே பக்கத்தில் உள்ள மற்ற டயர் இரண்டின் சுமையையும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டு ஓடும், கொஞ்ச தூரத்தில் அதுவும் போய்விடும். ஒரு டயர் அப்படிப் போயிருந்தால், மாற்றும்போது பக்கத்து டயரையும் கடையில் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பிறகு

டிரெய்லரைக் கழற்றியதும், மறுநாள் காலை டயர் ஆறியபிறகு எஸ்யூவியின் பின் டயர்களை ஸ்டிக்கர் அளவுக்கு இறக்கிவிடுங்கள். டிரெய்லர் டயரை இறக்க வேண்டாம், அதே அழுத்தத்திலேயே நிற்கட்டும், வெயில் படாமல் மூடிவைத்தால் போதும்.

டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம். வருஷத்தில் சில வாரம்தான் ஓடுகிறது, ட்ரெட் புத்தம் புதுசாகத் தெரியும், உள்ளே ரப்பர் இறுகியிருக்கும். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். அந்த நான்கு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம், வெளிப்பக்கம் தெரியவில்லை என்றால் குனிந்து உள்பக்கம் பாருங்கள். ஐந்து, ஆறு வருஷம் தாண்டியிருந்தால் ட்ரெட் எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள், ஸ்பேர் டயரையும் சேர்த்து. அந்த ஸ்பேரிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.